சேலத்துப் புத்தியில கடலோரத்துல போட்ட போர்

எங்க கடைக்கு வர்ற சப்மெர்சிபிள் மோட்டார்ல பாதிக்கு மேல ஒரே கதைதான், தண்ணி கீழ போயிருச்சு, மோட்டார் சும்மா ஓடிருச்சு, காயில் கருகிருச்சு. அம்மாபேட்டை பக்கம் பதினேழு வருஷமா வைண்டிங் கடை வெச்சிருக்கேன், மோட்டார பெஞ்சு மேல தூக்கி வெச்சாலே என்ன ஆச்சுன்னு வாசத்துலயே சொல்லிருவேன். ஆனா ஒரு நாள் காலைல ஆம்னி பஸ் டிக்கில சாக்குல சுத்தி ஒரு ஒன்றரை ஹெச்பி மோட்டார் வந்து எறங்குச்சு பாருங்க, அத பிரிச்சு பாத்துட்டு ஒரு நிமிஷம் எனக்கே ஒண்ணும் புரியல.

நம்ம ஊரு தண்ணில ஓடின மோட்டார்ல படியறது சுண்ணாம்பு. வெள்ளையா, ஓடு மாதிரி, ஸ்க்ரூ டிரைவர் பின்பக்கத்தால தட்டினா பொளந்துக்கிட்டு வரும், உள்ள ஸ்டீலு பளபளன்னு இருக்கும். இதுல அப்படி ஓடு எதுவும் இல்ல. ஸ்டெயின்லெஸ் பாடில ஊசி வெச்சு குத்தின மாதிரி பொடிப்பொடியா ஓட்டை, ஒவ்வொரு ஓட்டைய சுத்தியும் காவி கலர்ல ஒரு கறை. போல்ட்டு தலைய ஸ்பேனர்ல புடிச்சா பிஸ்கட் மாதிரி உதிருது. கேபிள் ஜாயிண்ட்ட பிரிச்சா உள்ள தூள் தூளா எதோ வெள்ளையா இருந்துச்சு, விரல்ல தொட்டு நாக்குல வெச்சேன். சாப்பாட்டு உப்பு. அச்சு அசல் சாப்பாட்டு உப்பு. இந்த மோட்டாருக்கு வயசு ஏழு மாசம்தான்.

மோட்டார் என் தங்கச்சி வீட்டோடது. சென்னைல ஈசிஆர் பக்கம் இருக்கா. அந்த போர போட சொன்னது நான். ஆழமா போட சொன்னதும் நான்தான்.

இத எழுதறதுக்கு காரணமும் அதுதான், நம்ம பக்கத்து ஆளுங்க நிறைய பேரு இப்ப அந்தப் பக்கம் வீடு வாங்கறாங்க, கட்டறாங்க, போர் போட நம்ம ஊரு வண்டியதான் கூப்பிடறாங்க. நான் பண்ணுனதயே அவங்களும் பண்ணுவாங்க.

எங்கப்பா போர் போடற ரிக் வண்டில டிரில்லர். திருச்செங்கோட்டு வண்டி போகாத மாநிலம் இந்தியாவுல இருக்கான்னு தெரியல, அப்பாவும் ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான்னு வருஷத்துக்கு பத்து மாசம் வெளியதான் இருப்பாரு. வீட்டுக்கு வந்தா வாயத் தொறந்தா ராடு கணக்குதான், "இருபது அடி ராடு நாப்பத்தஞ்சு எறக்குனோம், அப்பறம்தான் ஈரமே வந்துச்சு"ன்னு. நம்ம ஊரு கணக்கு அவ்ளோதான். கீழ பாறை, பாறைல எங்கயோ விரிசல், விரிசல்ல தண்ணி. விரிசல் கெடைக்கலன்னா வெறும் பொகைதான் வரும், வீட்டுக்காரரு தலைல கைய வெச்சுட்டு உக்காந்துருவாரு, நாலு தேங்காய வெச்சு வேற பாயிண்ட் பாப்பாங்க. தாத்தா காலத்துல 50 அடி கிணறு, அப்பா காலத்துல அந்தக் கிணத்துக்குள்ளயே சைடு போர், நான் வீடு கட்டறப்ப 840 அடி. பக்கத்து வீட்டுக்காரரு 1,000 தாண்டிட்டாரு. தண்ணி வத்துனா ஆழமா போ, வேற என்ன வழி? இது எங்களுக்கு ரத்தத்துல ஊறுனது, இதுல தப்பு இருக்கும்னு யாரும் யோசிச்சதே இல்ல.

தங்கச்சி மாமனார் 80கள்ல அந்த எடத்த வாங்கறப்ப அங்க சவுக்கும் மணல்மேடும்தானாம். மொதல்ல கிணறுதான் வெட்டிருக்காரு, அப்பறம்தான் வீடு. சிமெண்ட் உறைய ஒண்ணு மேல ஒண்ணா எறக்குன உறைக்கிணறு, மொத்தமே 22 அடி. கல்யாணம் ஆன புதுசுல நான் போனப்ப அத எட்டிப் பாத்துட்டு சிரிச்சேன், இதுக்கு பேரு கிணறான்னு. அத்தை (தங்கச்சியோட மாமியார்) ஒண்ணும் பேசல, கயித்துல வாளிய விட்டு ஒரு சொம்பு மொண்டு குடுத்தாங்க. எளநி மாதிரி இருந்துச்சுங்க. கடல் அங்கருந்து முக்கா கிலோமீட்டர் இருக்குமா, ராத்திரி படுத்தா அலைச் சத்தம் கேக்குது, மேக்கால போனா பக்கிங்காம் கால்வாய், அதுலயும் உப்புத் தண்ணிதான், ரெண்டு உப்புக்கும் நடுவுல 22 அடில எளநி. எங்க வீட்டு 840 அடித் தண்ணிய குடிக்க முடியாது, துணி துவைச்சா நுரை வராது, சப்பத் தண்ணி. அப்பவே எனக்கு மண்டைல ஒரு கேள்வி வந்திருக்கணும், வரல.

மூணு நாலு வருஷம் முன்னாடி பக்கத்து மனைய வித்துட்டாங்க. பழைய ஓட்டு வீடு, ரெண்டு தென்னை, ஒரு மாமரம், எல்லாத்தையும் வழிச்சுட்டு அபார்ட்மெண்ட் கட்ட ஆரம்பிச்சாங்க, கீழ கார் நிறுத்த பேஸ்மெண்ட் வேற. கடலோர மணல்ல பத்தடி தோண்டுனாலே தண்ணி ஊறும், பேஸ்மெண்ட்டுக்கு கான்கிரீட் போடணும்னா அந்த தண்ணிய எறைச்சுக்கிட்டே இருக்கணும். குழிய சுத்தி பைப்பு எறக்கி ராத்திரி பகல் பாக்காம மூணு மோட்டார் ஓடிருக்கு, ஆறு மாசத்துக்கு மேல. எறைச்ச தண்ணி எங்க போச்சுன்னு கேக்கறீங்களா, ரோட்டோர மழைநீர் வடிகால்ல. அங்கருந்து கால்வாய், கால்வாய்லருந்து கடல். நல்ல தண்ணிங்க அது, குடிக்கற தண்ணி.

இந்த எடத்துல ஒண்ணு சொல்லாம போக முடியல. 2019 ஜூலைல சென்னை காஞ்சு போனப்ப ஜோலார்பேட்டைல இருந்து வில்லிவாக்கத்துக்கு ரயில்ல தண்ணி கொண்டு போனாங்க இல்ல, 50 வேகன்ல ஒரு தடவைக்கு 25 லட்சம் லிட்டர், அது எங்க மேட்டூர் காவேரித் தண்ணி. நாங்க எல்லாம் இங்க டிவில பாத்துட்டு பாவம் குடுக்கட்டும்னுதான் சொன்னோம். அப்படி ரயில்ல ஏத்தி கொண்டு போற ஊர்ல ஒரு பேஸ்மெண்ட்டுக்காக ஆறு மாசம் நல்ல தண்ணிய சாக்கடைல விடறாங்கன்னா வயிறு எரியுமா எரியாதா.

தங்கச்சி வீட்டுக் கிணத்துல தண்ணி எறங்கிருச்சு. அதுக்கு முன்னாடி கோடைலயும் மூணு நாலு அடி நிக்குமாம், அந்த தடவ மொதல் தடவையா அடி மணல் தெரிஞ்சுது. போன் பண்ணா, "அண்ணா, கிணறு வத்திருச்சு, என்ன பண்றது"ன்னு. நான் யோசிக்கவே இல்ல. போர் போட்ரு, மணலோட நிக்காத, பாறைய தொட்டு கீழ போ, 130 அடி போட்டா உன் பேரப்புள்ள காலம் வரைக்கும் கவலை இல்லன்னு சொல்லிட்டு, நானே கெளம்பி போயி நின்னு போட்டேன். மாப்ள தயங்குனாரு, தெருவுல ரெண்டு வீட்டுல ஆழமா போட்டு உப்பாயிருச்சுன்னு சொல்றாங்க மச்சான்னாரு. அவங்களுக்கு போட தெரியலன்னேன் நான்.

மணல் முடிஞ்சு பாறை வந்ததும் தூள கைல அள்ளிப் பாத்தேன், கருநீலமா, கொஞ்சம் எண்ணெய் தடவுன மாதிரி. அட நம்ம கல்லு! ஏற்காடு போற ரோட்டுல இருவது ஹேர்பின் வளைவுலயும் மலைய வெட்டுன எடத்துல பாப்பீங்களே அதே கல்லு. சார்னோகைட்டுன்னு பேரு, கல்கத்தாவுல ஜாப் சார்னாக்னு ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியோட கல்லறைல வெச்ச கல்லுக்கு 1890கள்ல வெள்ளைக்காரங்க வெச்ச பேரு, அந்த கல்லறைக் கல்லே பறங்கிமலை, பல்லாவரம் பக்கத்துல இருந்து போனதுதான்னு சொல்வாங்க. சேர்வராயன் மலையும் சென்னைத் தெக்குப் பக்கத்து மணலுக்கு அடில இருக்கறதும் ஒரே வகைப் பாறை. எனக்கு தைரியம் வந்ததே அதப் பாத்துதான். நம்ம கல்லு, நமக்கு தெரியாததா. கல்லு நம்ம கல்லுதான், அந்த விரிசல்ல இருக்கற தண்ணி நம்ம தண்ணி இல்லங்கறது மட்டும் மண்டைக்கு ஏறல.

நல்லா வந்துச்சு தண்ணி. மொத நாளு டிடிஎஸ் மீட்டர் (தண்ணில கரைஞ்ச உப்ப அளக்கறது) வெச்சா 620. எங்க ஊர்ல 1,500 பாத்து பழகுன எனக்கு அது பன்னீர். ஒன்றரை ஹெச்பி மோட்டார எறக்கிட்டு மீன் குழம்பு சாப்ட்டுட்டு ஊருக்கு வந்துட்டேன்.

நாலாவது மாசம் அத்தை சொன்னாங்களாம், உப்பு கரிக்குதுன்னு. யாரும் நம்பல, வயசானவங்க நாக்குன்னு விட்டுட்டாங்க. அப்பறம் கறிவேப்பிலை மரம் சொல்லுச்சு. எலை நுனி எல்லாம் பீடி நெருப்பு பட்ட மாதிரி கருகி, அந்த கருகல் ஓரத்தோடயே உள்ள வந்துச்சு. தென்னை ஒண்ணுமே சொல்லல, அது உப்ப தாங்கிக்கும், அதனால தென்னைய பாத்து ஏமாந்துறாதீங்க. மீட்டர் வெச்சு பாத்தப்ப 2,900. மோட்டார் போனது ஏழாவது மாசம்.

மோட்டார எடுத்துக்கிட்டு நானே திரும்ப போனேன், ரிப்பேர் பண்ண இல்ல, மூஞ்ச காட்ட வேண்டிய கடமைக்கு. அந்த தெருவுல நிலத்தடி நீர் வேலைல இருந்து ரிட்டயர்டான சார் ஒருத்தர் இருக்காரு, மாப்ள அவர்கிட்ட கூட்டிட்டு போனாரு. சேலம்னு சொன்னதும் சிரிச்சுட்டாரு. "திருச்செங்கோட்டு வைத்தியமா?"ன்னு கேட்டாரு. பதில் சொல்ல வாய் வரல.

அவரு ஒரு கண்ணாடி கிளாஸ் எடுத்தாரு, பாதிக்கு தண்ணி ஊத்தி நாலு ஸ்பூன் உப்பு போட்டு கலக்குனாரு. அப்பறம் மேல ஒரு ஸ்பூன கவுத்து வெச்சு அது மேல மஞ்சள் கலந்த நல்ல தண்ணிய சொட்டு சொட்டா விட்டாரு. கலக்கல. மஞ்சத் தண்ணி மேல மெதந்துக்கிட்டு நிக்குது, நடுவுல கோடு போட்ட மாதிரி. எளநி ஸ்ட்ராவ எங்கிட்ட குடுத்து, மேலாக்க வெச்சு மெதுவா உறிஞ்சுங்கன்னாரு, நல்ல தண்ணிதான் வந்துச்சு. இப்ப ஸ்ட்ராவ கோட்டுக்கு பக்கத்துல எறக்கி வேகமா உறிஞ்சுங்கன்னாரு. உறிஞ்சுனேன். கோடு நடுவுல கூம்பு மாதிரி எழும்பி ஸ்ட்ராக்குள்ள ஏறுது, கண்ணால பாத்தேன், வாயெல்லாம் உப்பு. "இதான் உங்க ஒன்றரை ஹெச்பி"ன்னாரு.

கடலோரத்துல நல்ல தண்ணிங்கறது மழை பெஞ்சு மணல்ல எறங்கி உப்புத் தண்ணி மேல மெதக்கற ஒரு அடுக்கு. உப்புத் தண்ணி கொஞ்சம் கனம், ஒரு லிட்டர் நல்ல தண்ணி 1,000 கிராம்னா கடல் தண்ணி 1,025 கிராம், அந்த 25 கிராம் வித்தியாசத்துலதான் கடலோரத்து ஆளுங்க பொழப்பே ஓடுது. இதுக்கு நூறு வருஷத்துக்கு மேல பழைய கணக்கு ஒண்ணு இருக்கு, கைபென்-ஹெர்ஸ்பெர்க்னு ரெண்டு பேரு தனித்தனியா கண்டுபுடிச்சது, ஒருத்தர் ஹாலந்து, ஒருத்தர் ஜெர்மனி. நல்ல தண்ணி மட்டம் கடல் மட்டத்துக்கு மேல 1 அடி நின்னா, கடல் மட்டத்துக்கு கீழ சுமார் 40 அடி வரைக்கும் நல்ல தண்ணி இருக்கும். 3 அடி நின்னா 120 அடி. சந்தோஷமான கணக்கா தெரியுதா? திருப்பி போட்டு பாருங்க. பேஸ்மெண்ட்டுக்காக எறைச்சு மட்டம் 2 அடி எறங்குச்சுன்னா, கீழருந்து உப்பு 80 அடி மேல ஏறுது. உடனே இல்ல, மெதுவா, ஆனா ஏறுது. பாறை குறுக்க வந்தா, களிமண் படுகை இருந்தா கணக்கு கொஞ்சம் மாறும், விரிசல் நேரா கடல் பக்கம் போச்சுன்னா இன்னும் மோசமாகும். நான் 130 அடில போயி ஸ்ட்ராவ வெச்சேன், அதுவும் பக்கத்துக்காரன் மட்டத்த எறக்கி விட்ட வருஷத்துல.

எங்க ஊர்ல தண்ணி ஆழத்துல இருக்கு. அங்க மேல இருக்கு. ஆழமா போறது தண்ணிய தேடிப் போறது இல்ல, கடலத் தேடிப் போறது. இது புரிய எனக்கு ஒரு லட்சத்து பத்தாயிரம் ரூபா ஆச்சு, அதுவும் தங்கச்சி காசு.

சார் மீஞ்சூர் கதையும் சொன்னாரு. சென்னைக்கு வடக்க, கொசஸ்தலையாறு, ஆரணியாறு பக்கம் மண்ணுக்கு அடில அருமையான தண்ணி இருந்துச்சு, மணலிப் பக்கத்து பெரிய தொழிற்சாலைங்களுக்கும் சென்னைக்கும் அங்கருந்து போர் போட்டு எடுத்தாங்க, விவசாயிங்களும் எடுத்தாங்க. 1960கள் கடைசிலயே கடல் தண்ணி சில கிலோமீட்டர் உள்ள வந்துட்டதா பாத்துட்டாங்க. பாத்தும் எடுக்கறது நிக்கல, அப்பறம் அது பத்து கிலோமீட்டர தாண்டிருச்சு. நெல்லு போட்ட எடத்துல கிணத்துத் தண்ணிய வாய்ல வெக்க முடியல. அதே மீஞ்சூர் பக்கம் 2010ல கடல் தண்ணிய குடிதண்ணியாக்கற ஆலை வந்துச்சு, நாளைக்கு 10 கோடி லிட்டர். கீழ இருந்த நல்ல தண்ணிய உப்பாக்கிட்டு, அப்பறம் உப்புத் தண்ணிய கரண்ட்டு செலவு பண்ணி நல்ல தண்ணியாக்கறோம். நம்ம ஆளுங்க கணக்கே தனி.

சட்டம் இல்லாம இல்ல. சென்னைப் பகுதிக்குன்னு 1987லயே நிலத்தடி நீர் சட்டம் வந்துருச்சு, அதுல சொன்ன ஊர்கள்ல கிணறு, போர் போட அனுமதி வாங்கணும். கடலோரத்துக்குன்னு 1991ல ஒரு அறிவிக்கை, அப்பறம் 2011ல, ரெண்டுலயும் அலை ஏறுற கோட்டுலருந்து 200 மீட்டருக்குள்ள நிலத்தடி தண்ணி எடுக்கக் கூடாது (2011ல அங்கயே குடியிருக்கற உள்ளூர் மக்களுக்கு மட்டும் விலக்கு), 200லருந்து 500 மீட்டர் வரைக்கும் சாதா கிணத்துல கையால எறைக்கலாம், அதுவும் குடிக்க, தோட்டம், விவசாயம், மீன்பிடிக்குன்னு இருந்துச்சு. கையால எறைக்கணும்னு எழுதுனவன் வெவரமானவன், வாளிக்கு எவ்ளோ உறிஞ்சற சக்தி இருக்கும், கிளாஸ்ல மெதுவா உறிஞ்சுன ஸ்ட்ரா மாதிரிதான். தங்கச்சி வீடு 500 மீட்டர தாண்டி இருக்கு, அபார்ட்மெண்ட்டும்தான். ஆனா உப்பு டேப்பு வெச்சு அளந்தா வருது?

அந்த சார் சொன்னதுல எனக்கு ரொம்ப உதவுனது ஒண்ணு. டிடிஎஸ் மீட்டர மட்டும் நம்பாதீங்கன்னாரு, அது மொத்த உப்பத்தான் காட்டும், எந்த உப்புன்னு சொல்லாது. எங்க சேலத்துல 1,500 வந்தா அது பாறைல கரைஞ்ச கால்சியம், மக்னீசியம் சமாச்சாரம். கடலோரத்துல 1,500 வந்தா அது வேற. லேப்ல குளோரைடும் பைகார்பனேட்டும் தனித்தனியா பாக்க சொல்லணும். மழைத் தண்ணி மண்ணுல ஊறி வந்ததுன்னா பைகார்பனேட் தூக்கலா இருக்கும், கடல் கலந்துச்சுன்னா குளோரைடு அத தாண்டி எகிறும். கடல் தண்ணில லிட்டருக்கு 19,000 மில்லிகிராம் குளோரைடு இருக்கு, குடிக்கற தண்ணிக்கு 250 வரைக்கும்தான் சரின்னு அளவு. 98 குடம் நல்ல தண்ணில 2 குடம் கடல் தண்ணி கலந்தாலே 380 ஆயிரும், முடிஞ்சுது. ரெண்டே குடம். வெளிய எடுக்கறது அவ்ளோ சுலபம் இல்ல, வருஷக்கணக்குல மழைதான் தள்ளணும்.

அப்பறம் என்ன பண்ணோம்னு சொல்றேன். மொதல்ல நான் போட்ட போர மூடுனோம். மோட்டார மட்டும் உருவிட்டு மூடி போட்டு விட்ரலாம்னு நெனைச்சேன், சார் விடல. சும்மா விட்டா கேசிங் பைப்புக்கு (போர்ல எறக்கற வெளிக்குழாய்) வெளிப்பக்கமா கீழ இருக்கற உப்பு மேல ஏற அது ஒரு ஓட்டையாத்தான் இருக்குமாம். அடிலருந்து களிமண் கொழம்பும் சிமெண்ட் கரைசலும் ட்யூப் விட்டு எறக்கி மேல வரைக்கும் அடைச்சோம். எங்கப்பா இருந்திருந்தா பாத்துட்டு அழுதிருப்பாரு, தண்ணி வந்த போர்ல சிமெண்ட் ஊத்தறத எந்த டிரில்லரும் கண்ணால பாத்திருக்க மாட்டான்.

உறைக்கிணத்த தூர் வாரி அதுக்கே திரும்ப வந்தோம். அரை ஹெச்பில சாதா மோனோபிளாக் மோட்டார், கால் மணி நேரம் ஓடுனா ஒன்றரை மணி நேரம் நிக்கற மாதிரி டைமர் வெச்சேன், அது மட்டும்தான் நான் உருப்படியா பண்ணுன வேலை. ஃபுட்வால்வ (தண்ணிய உறிஞ்சற பைப்போட நுனி) அடி வரைக்கும் விடாம மேலாக்க நிறுத்திருக்கேன். தோட்டத்து மூலைல 15 அடில இன்னொரு சின்ன உறை எறக்கி, ஒரே எடத்துல இழுக்காம ரெண்டுலயும் மாத்தி மாத்தி எடுக்கறாங்க.

மொட்டமாடித் தண்ணி மொத்தமும் கிணத்துக்குத்தான். 2003ல எல்லா வீட்டுலயும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு வந்துச்சே, அப்ப போட்ட குழி இவங்க வீட்டுலயும் இருந்துச்சு, எட்டிப் பாத்தா அதுக்குள்ள பழைய செருப்பு ஒரு ஜோடி, டைல்ஸ் ஒடசல், ஒரு முருங்கச் செடி. எல்லாத்தையும் வாரிப் போட்டுட்டு பைப்ப நேரா கிணத்துக்கு திருப்புனோம், நடுவுல ஜல்லி, மணல் போட்ட ஒரு சின்ன தொட்டி. 1,000 சதுர அடி மாடி, வருஷத்துக்கு 1,400 மில்லிமீட்டர் மழைன்னு வெச்சா 1,30,000 லிட்டர் வருது. நம்ம சேலத்துல 1,000 ஒட்டித்தான் பெய்யும், ஏற்காட்டுக்கு மேல போனாத்தான் அந்த மாதிரி மழை. இவ்ளோ பெய்ய வெச்சுக்கிட்டு லாரிக்கு போன் போடறாங்களேன்னு எனக்கு ஆத்தாமையா இருக்கும்.

கார் நிறுத்தற எடத்துல இருந்த டைல்ஸ ஒடைக்கத்தான் மாப்ள ஒத்துக்கல. பாதி ஒடைச்சோம்.

பக்கத்து அபார்ட்மெண்ட்தான் பெரிய பாடு. அவங்க போர் 150 அடி, எங்களுக்கு முன்னாடியே உப்பாகி, அத சுத்தம் பண்ண ஒரு பிளாண்ட்டு வெச்சாங்க, அந்த பிளாண்ட்டு பாதித் தண்ணிய சுத்தம் பண்ணிட்டு மீதிய இன்னும் கெட்டியான உப்புத் தண்ணியா வெளிய தள்ளுது, அத எங்க விட்டாங்க தெரியுமா, மழைநீர் குழில. மண்ணுக்குள்ள உப்பு நட்டுட்டு இருந்திருக்காங்க. அசோசியேஷன் மீட்டிங்குக்கு தங்கச்சி போனா, உங்க கிணத்துக்கும் எங்களுக்கும் என்னங்க சம்பந்தம், எங்க எடத்துக்கு கீழ இருக்கறத நாங்க எடுக்கறோம்னு ஒருத்தர் கேட்டாராம். வாக்குவாதம் பண்ணி ஆகாதுன்னு அத்தை ஒரு வேலை பண்ணாங்க. ரெண்டு சொம்புல தண்ணி எடுத்துட்டு போயி டேபிள் மேல வெச்சாங்களாம், ஒண்ணு 2005ல நான் காபி போட்ட அதே கிணத்துல இப்ப ஒரு மழைக்கு அப்பறம் எடுத்த தண்ணி, இன்னொண்ணு உங்க போர் தண்ணி, குடிச்சு பாருங்கன்னு. யாரும் குடிக்கல, ஆனா பேச்சு நின்னுச்சு. இப்ப உப்புக் கழிவ குழில விடறத நிறுத்திருக்காங்க, மாடித் தண்ணில ஒரு பகுதிய மண்ணுக்கு விடறாங்க. ஆழ்துளை இன்னும் ஓடுது. லாரிக்கு ஆகற செலவப் பாத்து மூடுவாங்களான்னு பாக்கறோம்.

ரெண்டு மழைக்காலம் போயிருச்சு. உறைக்கிணத்துல போன தை மாசம் 780 காட்டுச்சு, சித்திரைல 1,150க்கு போயி திரும்ப எறங்குச்சு. பழைய எளநி இல்ல. காபிக்கு கேன் தண்ணிதான், மத்த எல்லாத்துக்கும் கிணறு. கறிவேப்பிலை கீழருந்து புதுசா தளுத்து வந்திருக்கு, கருகுன கெளைய வெட்டி விட்டுட்டாங்க. அந்த ஓட்டை விழுந்த மோட்டார நான் சரி பண்ணவே இல்ல, கடை வாசல்ல ஷெல்ஃபுல வெச்சிருக்கேன், கஸ்டமர் யாராச்சும் என்னங்க இதுன்னு கேட்டா அரை மணி நேரம் வேலை கெட்டுரும்.

போன வாரம் தங்கச்சி வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்புனா, ஒண்ணுமே எழுதல, போட்டோ மட்டும். எதுர்த்த மனைய தகரம் போட்டு மறைச்சிருக்காங்க, கேட்டுக்கு வெளிய ரெண்டு லாரி நிக்குது, ஒண்ணு ரிக்கு, ஒண்ணு கம்ப்ரசரு. பெருசு பண்ணிப் பாத்தேன். டிஎன் 34, திருச்செங்கோடு. நாலு பேருக்கு போன் போட்டதுல ஏஜெண்ட் நம்பர் கெடைச்சுது, அப்பாவ தெரிஞ்ச ஆளு, நல்லா பேசுனாரு. எத்தன அடிங்கண்ணான்னு கேட்டேன்.

"பார்ட்டி 200 சொல்லிருக்காங்க தம்பி, ஏன், தண்ணி வராதா?"

"தண்ணி வருங்கண்ணா, ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாமா"ன்னு சொல்லிட்டு கடைய பையங்கிட்ட விட்டுட்டு வெளிய வந்தேன்.